அவர் பக்கத்துச் சோறு

செய்னுலாப்தீனும் ஸுலைஹாவும் கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரே சஹனில்தான் சாப்பிட்டார்கள். கலியாண வீட்டிலும் கந்தூரியிலும் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து அந்தப் பெரிய தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது குறிஞ்சிப்பிட்டியில் எல்லாருக்கும் பழக்கம். ஆனால் வீட்டில், நாள் தவறாமல், புருசனும் பெண்சாதியும் அப்படி எதிரெதிரே உட்காருவது அந்தப் பகுதியில் இவர்கள் இருவர் மட்டும்தான். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து ஓலைக் கொட்டிலில் கிடந்த காலத்தில் அவர்களுக்குக் கலியாணம் நடந்தது. அன்றைக்கு வீட்டில் இருந்ததே ஒரு சஹன்தான். பிறகு ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பை வந்தது, கண்ணாடிக் கதவு வைத்த அலுமாரி வந்தது, கல்வீடும் வந்தது. சஹன் மாறவில்லை.

ஒரே சஹனில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒருவருடைய வயிறு மற்றவருக்குத் தெரியும். சோற்றுக் குவியலில் அவரவர் தங்கள் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுக்க எடுக்க அந்தப் பக்கம் பள்ளம் விழும். செய்னுலாப்தீன் வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துவிட்டு வரும் நாளில் அவர் பக்கம் கிணறு மாதிரி இறங்கும். மனம் சரியில்லாத நாளில் பள்ளம் சிறுத்துப்போகும். ஸுலைஹா அவர் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, தோட்டத்துல ஆரோடயும் கதை வளந்திச்சா?" என்று கேட்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அதில் ஒரு மரியாதையும் உண்டு. கூட இருப்பவர் பசியாறுமுன் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவரும் வெட்கப்பட்டு அரை வயிற்றோடு எழும்பிவிடுவார். வேலை செய்து வந்தவர் நிறையச் சாப்பிடுவார். அவருக்காக ஸுலைஹாவின் கையும் சஹனிலேயே கிடக்கும். கை சும்மா கிடக்குமா? அதுவும் அவள் ஆக்கிய சாப்பாடு. முதல் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கிய பாரை மீனாணம், மாசிக்கருவாடு இடித்துப் போட்ட கத்தரிக்காய், மொறுமொறுவென்று பொரித்த நெத்தலி. தான் ஆக்கியதைத் தானே ரசித்துச் சாப்பிடுகிறவள் அவள். அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை. வருசங்கள் போகப் போக, சஹனுக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழும்ப ஒரு கை கேட்க ஆரம்பித்தாள். அந்தக் கையையும் அவர்தான் கொடுத்தார்.

மகள் முஃப்லிஹா கலியாணம் முடித்துப் புத்தளத்துக்குப் போன பிறகு ஸுலைஹாவின் குதிக்காலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. அவளுடைய கூடப்பிறந்த ராத்தாவுக்கும் இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்கியது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போய், கதிரையில் இருந்தபடியே மௌத்தானாள். அதனால் கிளினிக்கில் டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இருவருடைய நெஞ்சிலும் முள்ளாக ஏறியது.

"சீனி கூடிப்போய் இருக்கு. உடம்புப் பாரத்தைக் குறைக்கணும் உம்மா. சின்னக் கோப்பையில அளந்து போட்டு, நேரத்துக்குச் சாப்பிடுங்க. காலையில நல்லா நடங்க. இல்லாட்டி இந்தக் காலுக்கு நான் பொறுப்பில்ல."

வரும் வழியில் செய்னுலாப்தீன் கற்பிட்டிக் கடைத்தெருவில் த்ரீவீலை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு சின்னப் பீங்கான் கோப்பையும் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்தும் இருந்தன. இஸ்கூல் பிள்ளைகள் போடுகிற சப்பாத்து. ஸுலைஹாவின் காலுக்கு அளவாக வேறொன்றும் கிடைக்கவில்லையாம்.

"இண்டையிலிருந்து நீ வேற, நான் வேற," என்றார் கோப்பையை அவள் மடியில் வைத்து. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும், "சாப்பாட்டுல மட்டும்தான் புள்ள," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பின்போதே அவருக்குத் தொண்டைக்குக் கீழே ஏதோ தட்டுப்பட ஆரம்பித்திருந்தது. காய்ந்த ரொட்டி இறங்க மறுத்தது. அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஸுலைஹாவுக்கு அது தெரிய வந்தது மிகவும் பிந்தித்தான்.

சுபஹுத் தொழுகை முடிந்ததும் நடக்கத் துணைக்கு வந்தவள் பக்கத்து வளவுக் கத்தரினா. அவளுடைய புருசன் யோசேப்பு கடலுக்குப் போகிறவன். அவன் வள்ளம் கரைக்கு வரும் நேரத்துக்கு அவள் எப்படியும் கரைக்குப் போக வேண்டும். முதல் நாள் சப்பாத்தைப் பார்த்ததும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ராத்தா, எத்தனையாம் வகுப்பு?"

"வாய மூடுடி. ஆராவது கேட்டுரப் போறாங்க."

"கேக்கட்டுமே. ரெண்டு சடை பின்னி விடட்டா? தண்ணிப் போத்தல் எங்க?"

கறுப்பு அபாயாவுக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து மினுங்க, ஸுலைஹா தெருவில் இறங்கினாள். மோட்டார் சைக்கிளில் போன பையன்கள், "ராத்தா, நாய் தொரத்துதா?" என்று கத்திவிட்டுப் போனார்கள். அவள் கூனிக் குறுகிப்போனாள். அன்றைக்குக் கடற்கரை வரைக்கும் போகவில்லை. பள்ளிவாசல் மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். வீட்டு வாசலில் செய்னுலாப்தீன் காத்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு அந்தப் பனையடி மட்டும் போ. அவ்வளவுதான். போறியா?"

"என்னால ஏலாது."

"ராத்தாட கால நினைச்சுக்க."

அவள் மறுநாளும் போனாள். பனையடி வரைக்கும், பிறகு ஈர மணல் இறுகிக் கிடக்கும் கரை வரைக்கும், பிறகு ஆலங்குடாப் பக்கமாகக் காற்றாடிக் கம்பங்கள் கிட்டத் தெரியும் இடம் வரைக்கும். மணலில் அவளுடைய சுவடு முதலில் அகலமாகவும் ஆழமாகவும் விழுந்தது. மெல்ல மெல்ல அது கத்தரினாவின் சுவட்டைப் போல ஆனது. அதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோசம் இருந்தது. யாரிடமும் சொல்ல வெட்கமான சந்தோசம்.

நடப்பது கூடக் கடினமில்லை. குசினிதான் கடினம். தேங்காய் துருவாமல் விடிகிற விடியல் அவளுக்கு விடியலாகவே படவில்லை. டொக்டர் சொன்ன மாதிரி அவித்த மரக்கறியை ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்தாள். அழுகை வந்தது. வாயையே இழந்தால் அப்புறம் காலை வைத்து என்ன செய்வது என்று தோன்றியது.

பிறகு அவளுக்கே ஒரு வைராக்கியம் வந்தது. கறித்தூளைக் கருக வறுத்து, புளிப்புக்குக் கொறுக்காய் கொஞ்சம் கூடப் போட்டு, பால் ஒரு சொட்டும் இல்லாமல் மண்சட்டியில் மீனை வற்ற வைத்தாள். சுண்டிய சாறு மீனில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. முருங்கை இலைச் சுண்டலுக்குத் தேங்காய்ப்பூவைக் குறைத்து, மாசியும் பச்சைமிளகாயும் இடித்துப் போட்டாள். வெள்ளைச் சோற்றுக்குப் பதில் சிவப்பரிசிச் சோறு. பின்னேரம் பாணுக்குப் பதில் குரக்கன் ரொட்டி. அடுப்படியில் நின்று ருசி பார்க்கும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை காலம் தேங்காய்ப்பாலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மீனின் ருசி இப்போதுதான் வெளியே வந்தது.

டொக்டர் சொன்ன நேரத்துக்கே அவள் தன் சின்னக் கோப்பையில் போட்டுச் சாப்பிட்டுவிடுவாள். செய்னுலாப்தீன் தோட்டத்தில் தண்ணீர் கட்டிவிட்டு, லுஹர் தொழுதுவிட்டு வரும்போது பிந்திவிடும். அவருடைய சாப்பாடு மேசையில் மூடி இருக்கும். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போவார்.

"உள்ளுக்கு வெக்கை. கிணத்தடியில காத்து வருது," என்பார்.

கொஞ்ச நேரத்தில் வெறுங்கோப்பையோடு வருவார்.

"எப்பிடி?"

"அல்லாவே, அந்த மீன்! நாளைக்கும் இப்பிடியே ஆக்கு."

அந்த ஒரு சொல்லுக்காக அவள் மறுநாள் இன்னும் ஒரு விதம் கண்டுபிடிப்பாள். கொறுக்காய்க்குப் பதில் புளிச்சகீரை போட்டாள், இறாலைப் பீர்க்கங்காயோடு சேர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பாராட்டு வைத்திருந்தார். உப்பு அளவு, உறைப்பு அளவு, முந்தியதைவிட இதுதான் திறம் என்பார். கலியாணம் முடித்த காலத்தில்கூட அவர் இவ்வளவு பாராட்டியதில்லை.

அவர் மெலிந்தது அவள் கண்ணுக்குத் தெரியாமலில்லை. சாரனை இன்னும் ஒரு மடிப்பு மடித்துச் செருகினார். கன்னம் ஒட்டியது. "நீங்களும் மெலியிறீங்க," என்றாள் ஒருநாள் மகிழ்ச்சியாக.

"பின்ன? வீட்டுல சீமாட்டி டயட்டிங். நான் மட்டும் கொழுக்க ஏலுமா?"

அது சரியாகத்தான் பட்டது. வீட்டில் எண்ணெயும் இல்லை, பாலும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து மெலிவது இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்ட மாதிரி ஒரு ஒற்றுமையாக அவளுக்குத் தோன்றியது. கத்தரினாதான் ஒருநாள் கரையில் நடக்கும்போது சொன்னாள்.

"ராத்தா, உங்கட வீட்டுல எல்லாரும் மெலிஞ்சு போனீங்க. கோழி மட்டும் வாத்து மாதிரி ஆகிட்டு. என்னத்தப் போடுறீங்க அதுக்கு?"

"என்னத்த? குறுணல்தான்."

"அப்ப எனக்கும் அந்தக் குறுணல்ல கொஞ்சம் தாங்க. எங்கட கோழி ஒண்டும் முட்டை போடுறதில்ல."

இருவரும் சிரித்தார்கள். ஸுலைஹா சிரித்துவிட்டு நடையைக் கூட்டினாள். அடுத்த கிளினிக்கில் தராசு என்ன காட்டும் என்பதுதான் அவள் நினைப்பாக இருந்தது.

தராசு நல்லதைக் காட்டியது. புண்ணும் மூடிப் புதுத்தோல் வந்திருந்தது. டொக்டர் எழும்பி நின்று, "பாருங்க, இந்த உம்மாவைப் பாருங்க," என்று வரிசையில் இருந்த மற்றப் பெண்களுக்குக் காட்டினார். அவள் முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் செய்னுலாப்தீன் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிச் சொல்லி அழுதார். ஒரு காலுக்கு இவ்வளவு அழவேண்டுமா என்று அவள் கேட்டாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. முஃப்லிஹாவும் மருமகன் ஹுனைஸும் புத்தளத்திலிருந்து வந்தார்கள். ஸுலைஹா காலையிலேயே கூடுதலாக நடந்துவிட்டு வந்து, ஒரு நாளைக்கு மட்டும் என்று நெய்ச்சோறும் குர்பான் இறைச்சி ஆணமும் ஆக்கினாள். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து சஹனை இறக்கிக் கழுவினாள்.

"உம்மாக்கு இண்டைக்கு மாப்பிள்ளையோட விருந்து," என்றாள் முஃப்லிஹா, வாப்பாவைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டி. "நாங்க அந்தப் பக்கம் சாப்பிடுறம். எங்களுக்கு வேற கோப்பை தாங்க."

செய்னுலாப்தீன் பாயில் வந்து உட்கார்ந்தார். சஹனைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஸுலைஹா பிஸ்மி சொல்லிக் கை வைத்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! அவரும் கை வைத்தார். அவள் கதைத்துக்கொண்டே சாப்பிட்டாள். டொக்டர் சொன்னது, கத்தரினா சொன்னது, முஃப்லிஹாவின் புதுச் சட்டை எல்லாம் கதைத்தாள். கதைத்துக்கொண்டே பழக்கத்தில் அவர் பக்கம் பார்த்தாள்.

அவள் பக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அவர் பக்கத்தில் சோறு அப்படியே மேடாக இருந்தது.

அவள் கதையை நிறுத்தவில்லை. கதைத்துக்கொண்டே அவர் கையைப் பார்த்தாள். அது சோற்றைப் பிசைந்தது, உருட்டியது, வாய் வரைக்கும் போனது. ஒரு பருக்கை, இரண்டு பருக்கை உள்ளே போனது. மிச்சம் திரும்பி வந்து அதே மேட்டில் கலந்தது. பிறகு அவர் தண்ணீர் குடித்தார். தண்ணீர் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன் நிப்பாட்டிட்டாய்? தின்னு புள்ள," என்றார்.

"எவ்வளவு நாளா?"

"என்ன எவ்வளவு நாளா?"

"முஃப்லிஹாட வாப்பா, என்ட மூஞ்சப் பாத்துச் செல்லுங்க."

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சஹனின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "உன்ட கால் ஆறட்டும், மறுகா செல்லுவம் எண்டு இருந்தன்," என்றார். "தெரிஞ்சா நீ நடக்கப் போவியா? என்ட பக்கத்துலயே குந்திருவாய். எனக்குத் தெரியாதா உன்ன?"

"அப்ப அந்த மீன்? நல்லா இரிக்கி, நல்லா இரிக்கி எண்டு செல்லிச் செல்லி..."

அவருடைய பார்வை வெளியே போனது. பின்வாசலில் கோழிகள் கூடி நின்று கொக்கரித்தன. பகல் சாப்பாட்டு நேரம் அவற்றுக்குப் பழகிப்போயிருந்தது.

ஸுலைஹாவுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. அவள் கத்தினாள். பெருநாள் என்றும் பார்க்கவில்லை, மருமகன் இருக்கிறான் என்றும் பார்க்கவில்லை. "என்ட காலுக்கு உங்கட தொண்டையக் குடுத்தீங்களா? ஆரு கேட்டது? ஆரு கேட்டது உங்களிட்ட?"

முஃப்லிஹா ஓடி வந்தாள். உம்மா சஹனுக்கு முன்னால் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். வாப்பா சோற்றுக் கையோடு தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

புத்தளத்தில் காட்டி, அங்கிருந்து கொழும்புப் பக்கம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உணவுக் குழாயில் கட்டி. அங்கே ஓர் இளம் டொக்டர் தமிழில் தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

"எப்ப இருந்து விழுங்க ஏலாது? முதல்ல சோறா, பாணா? எப்ப இருந்து கஞ்சியும் கஷ்டம்? அம்மாவுக்குத்தானே தெரியும். சமைக்கிறது நீங்கதானே."

ஸுலைஹா வாயைத் திறந்தாள். தன் கோப்பையில் எத்தனை அகப்பை சோறு போட்டாள், எந்த நேரத்துக்குச் சாப்பிட்டாள் என்று கேட்டிருந்தால் நாள் வாரியாகச் சொல்லியிருப்பாள். இதற்குப் புருசனைத்தான் திரும்பிப் பார்த்தாள். செய்னுலாப்தீன் கட்டிலில் இருந்தபடி, "அவவுக்குத் தெரியாது டொக்டர். நான் காட்டல்ல," என்றார்.

டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது அவளுக்கு இன்னும் வலித்தது.

அந்த நாட்களில் அவள் ஆஸ்பத்திரிப் படிகளில் எத்தனையோ தரம் ஏறி இறங்கினாள். லிஃப்டுக்கு நிற்கப் பொறுமை இருக்காது. மருந்து எழுதிய துண்டோடு கீழே ஓடுவாள், வெந்நீர்ப் போத்தலோடு மேலே ஏறுவாள். மூச்சு வாங்கவில்லை. கட்டிலில் அவரைத் தூக்கி நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்துவிடுவாள். பழைய ஸுலைஹாவால் இது ஒன்றும் ஏலாது. அவர் அதைக் கவனித்தார்.

"பாத்தியா," என்றார் ஒருநாள். "நீ நடந்த நடை வீணாப் போகல்ல."

"கதைக்காம இருங்க," என்றாள் அவள். அவரைத் தூக்கிய கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வயிற்றில் துளையிட்டு ஒரு குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிமேல் அதன் வழியாகத்தான் சாப்பாடு. ஸுலைஹா அரிசியும் பயறும் கரைய அவித்து, துணியில் வடித்து, ஆறவைத்து, ஊசிக் குழலில் எடுத்து மெல்ல மெல்ல உள்ளே விடுவாள். உப்பு வேண்டாம், உறைப்பு வேண்டாம், ருசி பார்க்கவும் வேண்டாம். அவள் ஆயுசில் ருசி பார்க்காமல் ஆக்கியது அதுதான் முதல் தரம். தனக்கென்று அவள் ஒன்றும் ஆக்கவில்லை. கத்தரினா கொண்டுவந்து வைத்த பாணில் ஒரு துண்டைத் தேத்தண்ணீரில் நனைத்துத் தின்பாள். நடக்கவும் போகவில்லை. அவள் மெலிவதைப் பார்த்து ஊர்ப் பெண்கள், "மாஷா அல்லாஹ், ஆளே மாறிட்டீங்க ராத்தா," என்றார்கள். பிறகு எதற்காக என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒருநாள் விடிய செய்னுலாப்தீன் கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவருடைய குரல் அப்போது மிகவும் கம்மிப்போயிருந்தது.

"சப்பாத்தப் போடு. போய் நடந்துட்டு வா."

"உங்கள விட்டுட்டா?"

"கத்தரினா இருப்பா. போ. நான் இத்தன நாளா மறைச்சது என்னத்துக்கு? அதையும் நீ இல்லாம ஆக்கிராத."

கத்தரினா கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போங்க ராத்தா, நான் இவரோட சண்டை பிடிச்சிட்டு இருக்கன்," என்றாள்.

ஸுலைஹா தனியாகப் போனாள். ஈர மணலில் வேகமாக நடந்தாள். நடக்க நடக்க அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தாள். கரையில் ஆள் நடமாட்டம் இல்லாதது நல்லதாகப் போயிற்று. ஆலங்குடாப் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பி ஊருக்குள் வரும்போது, எந்த வீட்டிலோ வெங்காயமும் கருவேப்பிலையும் தாளிக்கிற வாசம் வந்தது. அவள் அப்படியே நின்றாள்.

அவளுக்குப் பசித்தது. பாண் துண்டுக்கு அடங்குகிற பசி இல்லை. உடம்பு முழுக்கப் பரவிய, நல்ல சுகமான, வெட்கங்கெட்ட பசி. காலில் வலியில்லை, மூச்சில் இளைப்பில்லை, வயிறு சோறு கேட்கிறது. அவர் அப்படிக் கிடக்கும்போது இந்த உடம்புக்கு எப்படிப் பசிக்கலாம் என்று தெருவில் நின்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"பசிக்குதா?"

பொய் சொல்லத்தான் நினைத்தாள். இந்த வீட்டில் பொய் போதும் என்று தோன்றியது.

"ஓம்," என்றாள்.

"யோசேப்பு பாரை கொண்டு வந்திரிக்கான். கத்தரினா குசினியில வச்சிரிக்கா. ஆக்கு. நீ கண்டுபிடிச்சியே, பால் இல்லாம வத்த வைக்கிறது, அப்பிடி." அவர் மூச்செடுத்துக்கொண்டார். "மணத்துக்கு ஒண்டும் தடையில்லத்தானே. கதவத் துறந்து வச்சு ஆக்கு."

அவள் தூளை வறுத்தாள். புகை கட்டில் வரைக்கும் போனது. அவர் இருமினார். அவள் ஓடி வந்தாள். "போ, போ, கருகப் போகுது," என்று கையால் விரட்டினார். மீன் வற்றி மினுங்கியதும் சிவப்பரிசிச் சோற்றை அளந்து போட்டுக்கொண்டு வந்து, அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"இஞ்சால திரும்பி இரு. எனக்குத் தெரியிற மாதிரி."

திரும்பி உட்கார்ந்தாள். முதல் கவளம் வாய்க்குள்ளேயே நின்றது. அவர் பொறுத்திருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். மீன் நன்றாக இருந்தது. அவள் ஆக்கியதிலேயே நன்றாக இருந்தது. மறுபடியும் கையைக் கோப்பைக்குக் கொண்டுபோனாள்.

"முள்ளப் பாத்து," என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளுடைய கையையும் பார்க்கவில்லை, கோப்பையையும் பார்க்கவில்லை. அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு கவளமாக விழுங்க விழுங்க, அவருடைய தொண்டையும் கூடவே மெல்ல அசைந்தது.